பாரம் தொங்கும்போது கீழே நிற்பவர் யார்?

மட்டக்களப்பு வாவிக்கரையில் தொழில் மெல்லத் தலைதூக்குகிறது. மூடிக் கிடந்த வாழைச்சேனைக் காகித ஆலை 2021இல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கென்று தனி வலயம் அறிவிக்கப்பட்டது. ஐஸ் ஆலை, அரிசி ஆலை, படகு கட்டும் கொட்டில், உழவு மெசின் திருத்தும் கராஜ் என்று சிறுதொழில்கள் கரை நெடுகிலும் இருக்கின்றன. இவற்றுள் பலவற்றின் கூரைக்கடியில் கிரேனோ ஹொயிஸ்ட்டோ தொங்குகிறது. அதுவும் இல்லையென்றால் ஒரு செயின் புளொக். அதைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும்.

நேற்றுத் தூக்கியது, இன்றைக்கும் தூக்கும். நடைமுறையில் இருக்கும் சோதனை இவ்வளவுதான். அப்படியானால் அன்றாட வேலையே சோதனையாகிவிடுகிறது. பாரத்துக்குக் கீழே நிற்கும் கூலித் தொழிலாளிதான் அந்தச் சோதனையின் முடிவை முதலில் அறிந்துகொள்பவர்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டம். அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவரும் பேச்சு நீண்ட காலமாக நடக்கிறது. புதுச் சட்டம் வரும்போது வரட்டும். பழைய சட்டம் கேட்பதையே வாவிக்கரையில் நாம் செய்யவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

ஐஸ் ஆலையின் கூரைக்கடியில்

கிரேன் என்றதும் பலருக்குக் கொழும்புத் துறைமுகமோ மாடிக் கட்டடமோதான் நினைவுக்கு வரும். வாவிக்கரைக்காரருக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கிரேன் ஐஸ் ஆலையில் இருக்கிறது. மீன் இருக்கும் இடத்தில் ஐஸ் இருக்கும். கட்டி ஐஸ் செய்யும் இடத்தில் ஹொயிஸ்ட் இருக்கும்.

கட்டி ஐஸ் செய்யும் முறை எளியது. பெரிய தொட்டியில் உப்புக் கரைசல். அதைப் பூச்சியத்துக்குக் கீழே குளிராக்கி, நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை வரிசை வரிசையாக உள்ளே இறக்குவார்கள். உறைந்ததும் மேலே ஓடும் ஹொயிஸ்ட் ஒரு வரிசை அச்சுகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நகர்ந்து, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கவிழ்க்கும் மேடைக்குக் கொண்டுபோகும். கட்டிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஒரு வரிசையில் 50 கிலோக் கட்டி பத்து என்று வையுங்கள். ஐஸ் மட்டுமே அரைத் தொன். தகரமும் அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டமும் அதற்கு மேல். இந்தப் பாரம் நாளுக்குப் பலமுறை ஆட்களின் இடுப்பளவு உயரத்தில் கடந்துபோகிறது. தொட்டியை மூடியிருக்கும் பலகைகள்தான் அவர்கள் நடக்கும் தரை. பலகை ஈரம், கால் ஈரம், கை விறைப்பு. படகுகள் விடியலுக்கு முன் ஐஸ் கேட்பதால் வேலையில் பாதி இரவில் நடக்கிறது.

இதில் கம்பிக் கயிற்றின் கதியை யோசியுங்கள். அடியில் உப்புக் கரைசல், சுற்றிலும் வாவியின் உப்புக் காற்று. கயிறு வெளியே கறுத்துப் பளபளவென்று இருக்கும். உள்ளே நடுத்திரி காய்ந்து, கிறீஸ் வற்றி, துரு ஏறியிருக்கும். கம்பிக் கயிறு வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் கெடுவதில்லை. நாளாக நாளாக அதன் தடிமன் குறைவது உள்ளே கெட்டுவிட்டதற்கான அடையாளம். ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். வாங்கியபோது என்ன தடிமன், இப்போது என்ன தடிமன் என்று எழுதிவைத்தால் போதும். அப்படி எழுதிவைக்கும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அறுந்த கம்பி இழைகளைக் கண்டுபிடிக்க இன்னும் எளிய வழி இருக்கிறது. மெசினை நிறுத்தி, பாரத்தை இறக்கிவிட்டு, ஒரு பழந்துணியைக் கயிற்றின்மேல் வைத்து இழுத்தால் அறுந்த இழை துணியைப் பிடிக்கும். வெறுங்கையால் மட்டும் தடவிப் பார்க்கக்கூடாது, விரல் கிழிந்துவிடும். ஒரு முறுக்கு நீளத்துக்குள் பன்னிரண்டு இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் நான்கு அறுந்திருந்தாலோ அந்தக் கயிற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பது அமெரிக்க நியமம். கழற்றியதைத் துண்டு துண்டாக வெட்டிப் போடவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் வேறொருவர் அதையே எடுத்து எதையாவது கட்டுவார். நம்மூர்ச் சிக்கனம் அப்படி.

ஐஸ் ஆலைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. அச்சுகள் சில வேளை தொட்டிச் சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பட்டனை அழுத்தி அழுத்தி விட்டு வெட்டியிழுப்பார்கள். திடீரென்று ஏறும் பாரம் தன் எடையைப் போல இரண்டு மடங்காகவும் அதற்கு மேலும் கயிற்றை இழுக்கும். ஒரு தொன் ஹொயிஸ்ட் அரைத் தொன்தானே தூக்குகிறது என்ற கணக்கு அந்த நொடியில் பொய்த்துப்போகிறது. ஒட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றி இளக்கிவிட்டுத் தூக்கினால் சில நிமிடம் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான் செலவு.

செயின் புளொக்கும் முதிரை வளையும்

மண்முனையில் ‘பாதை’ என்ற மிதவை ஓடிய இடத்தில் 2014இல் பாலம் வந்தது. அதன் பிறகு படுவான்கரைக்குப் பெரிய லொறியும் வெட்டு மெசினும் தடையில்லாமல் போய்வருகின்றன. மெசின் போகும் இடத்துக்கு கராஜும் போகும். கராஜ் என்றால் நான்கு தூண், தகரக் கூரை, நடுவே ஒரு செயின் புளொக். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகப் பக்கம் பலநாள் படகுகளின் எஞ்சினை வெளியே எடுப்பதும் பெரும்பாலும் இதே செயின் புளொக்கால்தான்.

செயின் புளொக் நல்ல சாமான். கரண்ட் வேண்டாம், பழுது குறைவு, கையை விட்டாலும் பாரம் நிற்கும். அதில் ‘இரண்டு தொன்’ என்று அடித்திருந்தால் இரண்டு தொன் தூக்கும். ஆனால் அது எதில் தொங்குகிறது? கூரை மரத்தில். முதிரை வளையானாலும் தென்னங்குற்றியானாலும் அந்த மரம் தகரத்தைத் தாங்க வைக்கப்பட்டது. டிரக்டர் எஞ்சினைத் தாங்க அல்ல. புளொக்கின் பலம் இரண்டு தொன், வளையின் பலம் அரைத் தொன் என்றால் அந்தக் கொட்டிலின் பலம் அரைத் தொன்தான்.

பழைய மெக்கானிக்மாருக்குத் தெரிந்த ஒரு விதி உண்டு. செயின் புளொக்கின் கைச்சங்கிலியை ஓர் ஆள் இழுக்க வேண்டும். ஒருவரால் முடியாமல் இன்னொருவரைக் கூப்பிடும் நிலை வந்தால், பாரம் அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம். அல்லது புளொக்குக்குள் ஏதோ கெட்டுவிட்டது. இரண்டில் எதுவானாலும் நிறுத்த வேண்டிய நேரம் அது. நம் கராஜ்களில் அந்த நேரத்தில்தான், “தம்பி, நீயும் வந்து ஒரு கை போடு” என்பார்கள்.

கொழுவியையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய கொழுவி வாயைத் திறக்கத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நடப்பதால், புதிதாக வாங்கியவுடனேயே கொழுவியின் இரு பக்கமும் பொஞ்சால் இரண்டு புள்ளி அடித்து, அவற்றின் இடைத்தூரத்தை எழுதிவைப்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். ஆறு மாதம் கழித்து அந்தத் தூரம் கூடியிருந்தால் கொழுவி போய்விட்டது. அதைச் சூடாக்கி அடித்து நிமிர்த்தக்கூடாது. ஒட்டுப் போடவும் கூடாது. கொழுவியின் வாயைப் பூட்டும் சிறு தகட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறிவது நம்மிடம் பரவலான பழக்கம். பாரம் எங்காவது முட்டி ஒரு கணம் தளரும்போது கயிறு நழுவாமல் காப்பது அந்தத் தகடுதான்.

கட்டும் விதத்தில் கூடும் பாரம்

தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய வாளியை இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது, நெருங்கி நின்றால் இலேசாக இருக்கும். விலகி விலகி நடந்தால் கை கடுக்கும். பாரத்தை இரண்டு கயிறு போட்டுத் தூக்கும்போதும் இதேதான். ஒரு தொன் பாரத்துக்கு இரண்டு கயிறு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ. கயிறு கிடைமட்டத்தோடு 60 பாகை சரிந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ. 45 பாகையில் 707. 30 பாகையில் ஒவ்வொரு கயிறும் முழு ஒரு தொன்னைத் தாங்குகிறது.

கயிறு நீளம் போதாதபோது அகலமாகக் கட்டி இழுப்பது நம் வழக்கம். கூரை தாழ்வான கொட்டில்களில் வேறு வழியும் இருக்காது. கண்ணுக்கு ஒரு தொன் பாரம்; இரண்டு கயிற்றுக்கும் சேர்த்து இரண்டு தொன். கயிறு அறுந்தபின் “நல்ல கயிறுதானே, எப்படி அறுந்தது?” என்று கேட்பார்கள். 30 பாகைக்குக் கீழே சரியும்படி ஒருபோதும் கட்டாதீர்கள் என்று சுவரில் ஒரு படம் வரைந்து ஒட்டினால் எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார்.

சோதனையே உயிரெடுத்த இடம்

சரி, சோதனை செய்துவிடலாம் என்று ஒருவர் முடிவெடுத்தாலும் அதோடு பொறுப்புத் தீராது. சோதனையும் ஆபத்தான வேலை.

2020 ஆகஸ்ட் 1. விசாகப்பட்டினத்தில் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம். 70 தொன் தூக்கும் புதிய கிரேனைப் பயன்பாட்டுக்கு எடுக்கும் முன் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கிரேன் அப்படியே சரிந்து விழுந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். பெரிய அரச நிறுவனம், பொறியியலாளர் நிறைந்த இடம், புது இயந்திரம். அங்கேயே அப்படி என்றால், ஆட்களைச் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு கராஜில் ‘எவ்வளவு தூக்கும் பார்ப்போம்’ என்று நாம் செய்யும் பரீட்சையை என்ன சொல்வது?

வேலை நடக்கும் இடத்தில் கிரேன் தவறினால் என்னவாகும் என்பதற்குச் சீனாவில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. 2007 ஏப்ரல் 18, லியோனிங் மாகாணத்தின் சிங்ஹே உருக்கு ஆலை. மேலே ஓடும் கிரேன் சுமந்துவந்த சுமார் 30 தொன் உருகிய உருக்கு கொப்பரையோடு கீழே சரிந்தது. பக்கத்து அறையில் வேலை மாறுவதற்காகக் கூடியிருந்தவர்களை அந்த உருக்கு மூடியது. 32 பேர் இறந்தார்கள். உருகிய உலோகத்துக்கென்று செய்யப்பட்ட கிரேன் அது அல்ல என்பதும், விழத் தொடங்கிய பாரத்தை பிரேக் பிடித்து நிறுத்தவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஆட்கள் கூடும் அறையைப் பாரம் கடக்கும் வழியில் வைத்திருந்ததுதான் சாவின் எண்ணிக்கையைக் கூட்டியது. நம் ஆலைகளில் தேநீர் குடிக்கும் வாங்கு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

முறையான சோதனை படிப்படியாகப் போகும். முதலில் பாரமே இல்லாமல் கண்ணால் பார்க்கும் பரிசோதனை: கேடர், ஆணி, வெல்டிங், தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உள்ள தடுப்பு, கயிறு, கொழுவி. பிறகு வெறும் கொழுவியை ஏற்றி இறக்கிப் பார்ப்பது. கொழுவி மிகக் கீழே இருக்கும்போதும் உருளையில் குறைந்தது இரண்டு சுற்றுக் கயிறு மிஞ்சியிருக்க வேண்டும். அதன் பிறகே பாரம்.

குறித்த அளவில் கால் பங்கு கூடுதல், அதாவது 125 சதவீதம், சோதனைப் பாரமாக உலகெங்கும் வழக்கம். ஒரு தொன் ஹொயிஸ்ட்டுக்கு 1,250 கிலோ. அதைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், 10 முதல் 20 சென்ரிமீற்றர் மட்டும் தூக்கிப் பத்து நிமிடம் விட வேண்டும். விழுந்தாலும் ஒரு சாண்தான் விழும். பக்கத்துத் தூணில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், பாரம் மெல்ல இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் பிரேக் பிடிக்கவில்லை. பாரத்தை எடுத்ததும் கேடர் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அதற்குக் கீழே இனி யாரும் வேலை செய்யக்கூடாது. சோதனை நேரத்தில் கயிறு கட்டி இடத்தை மறித்து, பட்டன் அழுத்துபவரைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். முதலாளியையும் சேர்த்து.

சோதனைப் பாரத்துக்கு எங்கே போவது என்பார்கள். நம்மூரில் நெல் மூட்டையை அடுக்குவார்கள். மூட்டைக்கு இத்தனை கிலோ என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கும். வெளிநாடுகளில் இப்போது தண்ணீர்ப் பைகளைப் பயன்படுத்துகிறார்கள். வெறும் பையைக் கொழுவியில் மாட்டி, குழாயால் தண்ணீர் நிரப்பிப் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கோளாறு தெரிந்தால் உடனே திறந்துவிடலாம். ஒரு கனமீற்றர் தண்ணீர் ஒரு தொன். வாவிக்கரையில் தண்ணீருக்கா பஞ்சம்! இடையில் ஒரு மின்தராசை மாட்டிவிட்டால் உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்ற கணக்கும் தேவையில்லை.

பேஸ் மாறினால் மேலே கீழாகும்

மின்சார ஹொயிஸ்ட் மூன்று பேஸ் கரண்ட்டில் ஓடுவது. லைன் திருத்தியபின்போ, ஜெனரேற்றருக்கு மாற்றும்போதோ, புது வயர் இழுத்தபோதோ இரண்டு பேஸ் இடம் மாறிப்போகலாம். அப்போது மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். ‘மேலே’ என்ற பட்டனை அழுத்தினால் கொழுவி கீழே வரும்; ‘கீழே’ அழுத்தினால் மேலே போகும்.

இதுவரை யாருக்கும் புரியும். ஆபத்து அடுத்ததில் இருக்கிறது. கொழுவி உச்சிக்குப் போனதும் மோட்டரை நிறுத்தும் எல்லை சுவிட்ச் பெரும்பாலும் ‘மேலே’ பட்டனின் வழியைத்தான் துண்டிக்கும். பேஸ் மாறியிருக்கும்போது கொழுவி ‘கீழே’ பட்டனில் மேலே ஏறுகிறது. சுவிட்ச் தட்டுப்படும், ஆனால் மோட்டர் நிற்காது. கொழுவிக் கட்டை உருளையில் போய் இடிக்கும், கயிறு அறும், எல்லாம் தலைமேல் வரும். பட்டன் மாறி வேலை செய்வதைக் கண்ட ஒபரேட்டர் “இன்றைக்கு மாறித்தான் வேலை செய்யுது, பார்த்து அழுத்துங்கோ” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் மிகப் பெரிய பிழை.

ஆகவே காலையில் முதல் வேலை ஐந்து நிமிடச் சோதனை. பாரமில்லாத கொழுவியை மெதுவாக, விட்டு விட்டு ஏற்றி எல்லை சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டன் சொன்ன பக்கம் போகிறதா? சிவப்பு நிறுத்தற் பட்டன் நிறுத்துகிறதா? முதல் பாரத்தை ஒரு சாண் தூக்கி நிறுத்தினால் நிற்கிறதா? ஜெனரேற்றருக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்டில், ஜெனரேற்றர் இல்லாத ஐஸ் ஆலையை எண்ணிப் பார்ப்பதே கடினம். பாரம் தொங்கும்போது கரண்ட் போய்விட்டால், அது வரும்வரை கீழே ஒருவரும் போகாதபடி ஓர் ஆள் காவல் நிற்க வேண்டும். ஒபரேட்டர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் கழித்த இயந்திரங்கள் இன்னொரு கதை. ஜப்பானில் மூன்று பேஸ் கரண்ட் 200 வோல்ட், நம்முடையது 400. அங்கிருந்து வந்த ஹொயிஸ்ட்டை இங்கே ஓட்ட மோட்டரைத் திரும்பச் சுற்றுவார்கள் அல்லது மாற்றி இணைப்பார்கள். பிரேக்கின் சுருளும் அதே கரண்ட்டில்தான் வேலை செய்கிறது என்பதை மறந்துவிட்டால், மோட்டர் ஓடும், பிரேக் கருகும். பெயர்த்தகடும் பெயின்ற் அடித்து மறைந்திருந்தால் அது எத்தனை தொன் தூக்கும் என்று தெரியாது. தெரியாத இயந்திரத்தின் பாதுகாப்பான பாரம் பூச்சியம் என்று கொள்வதே என் கட்சி.

நீண்ட காலம் சும்மா இருந்தவை

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. போர், ஆழிப்பேரலை, வெள்ளம், பொருளாதார நெருக்கடி என்று இங்கே தொழில் நின்று நின்று ஓடியிருக்கிறது. 1956இல் வைக்கோலிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கிய வாழைச்சேனை ஆலை அதற்குப் பெரிய சாட்சி. சிறிய சாட்சிகள் ஊருக்கு ஊர் உண்டு. நின்று கிடக்கும் காலத்தில் இயந்திரம் ஓய்வெடுப்பதில்லை, கெடுகிறது. கயிறு துருப்பிடிக்கும், பிரேக் ஒட்டிக்கொள்ளும், மின்பெட்டியில் குளவி கூடு கட்டும், எலி வயரைக் கடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஓடாத கிரேனை முழுப் பரிசோதனை செய்யாமல் ஓட்டக்கூடாது என்கிறது அமெரிக்க விதி. திறப்புவிழாவுக்கு நாள் குறிக்கும்போது இந்த விதியை நினைவூட்ட ஓர் அதிகாரியாவது வேண்டும்.

மாரி வெள்ளம் புகுந்த கட்டடங்களிலும் இதே கதைதான். தண்ணீர் வடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். மோட்டரையும் பட்டன் பெட்டியையும் மின்தொழிலாளி திறந்து காயவைத்து, மின்கசிவை அளந்து சொன்ன பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.

சட்டம் கேட்பது அதிகமில்லை

1942ஆம் ஆண்டுச் சட்டம் பொருள் உற்பத்தி செய்யும் இடத்தை மட்டும் தொழிற்சாலை என்று சொல்லவில்லை. பழுதுபார்க்கும் இடமும் அதற்குள் வரும். தூக்கும் இயந்திரமும் சங்கிலியும் கயிறும் போதிய பலத்தோடு இருக்க வேண்டும், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்றவர் பரிசோதிக்க வேண்டும், அதைப் பதிய வேண்டும். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இதைக் கண்காணிக்க வேண்டியவர்கள். உயிரிழப்பும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வரமுடியாத காயமும் அறிவிக்கப்பட வேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தது பிரிட்டனின் 1937ஆம் ஆண்டுச் சட்டம். அவர்கள் அதை எப்போதோ கைவிட்டு, 1998இல் தூக்கும் சாதனங்களுக்கென்றே தனி விதிகள் செய்தார்கள்: ஆட்களைத் தூக்கும் சாதனமும் கட்டும் கயிறு, சங்கிலிகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏனைய தூக்கும் சாதனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டமும் ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதிவைத்தது. கிரேன் ஓடும் பாதையில் ஒருவர் வேலை செய்தால் ஆறு மீற்றருக்குள் கிரேன் வரக்கூடாது என்றும் அதில் இருந்தது.

நம் நாட்டில் நட்டஈட்டுக்கும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வேலையாளர் நட்டஈட்டின் உச்ச வரம்பு 20 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. ஆனால் நியமனக் கடிதம் இல்லாத, நாட்கூலிக்கு வந்த ஒருவரின் குடும்பம் அதைக் கேட்டுப் பெறுவது எப்படி? பெரும்பாலும் முதலாளி கொடுக்கும் ஒரு தொகையோடும், ‘விதி’ என்ற ஆறுதலோடும் விடயம் முடிந்துபோகிறது. விபத்து பதிவாகாததால் அடுத்த விபத்தைத் தடுக்க வேண்டியவர்களுக்கும் அது தெரியவருவதில்லை.

என்ன செய்யலாம்

தனித்தனியாக ஒவ்வொரு கராஜும் ஐஸ் ஆலையும் கொழும்பிலிருந்து பரிசோதகரைக் கூப்பிட வேண்டும் என்றால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆகவே சோதனை ஊருக்கு வர வேண்டும். தண்ணீர்ப் பைகள், மின்தராசு, அளவுகோல்கள், அங்கீகாரம் பெற்ற ஒரு பொறியியலாளர், இரண்டு உதவியாளர், ஒரு சிறிய லொறி: இவ்வளவு இருந்தால் வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஆண்டுக்கு இருமுறை சுற்றிவரலாம். தொழில் திணைக்களமும் மாகாண நிர்வாகமும் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்தால் முடியாத காரியமில்லை. கட்டணம் வாங்கட்டும். ஒரு கயிற்றின் விலையைவிடக் குறைவாக இருந்தால் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள். முதல் இரண்டு சுற்று தண்டம் விதிக்காமல் நடக்க வேண்டும். பயந்தவர்கள் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் எஞ்சின் தூக்குவதற்கென்று சோதிக்கப்பட்ட ஒரு பொதுத் தூக்குமேடை வேண்டும். படகுக்குப் படகு முக்காலி நட்டு, கிடைத்த கம்பத்தில் செயின் புளொக் கட்டுவதை அது ஒன்றே பெரும்பாலும் நிறுத்திவிடும்.

கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும் லீசிங் கம்பனிகளுக்கும் ஒரு கேள்வி. வாகனத்துக்குப் புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. ஹொயிஸ்ட்டுக்குக் கடன் கொடுக்கும்போது சோதனைச் சான்றிதழ் கேட்டால் என்ன? சட்டம் சொல்லிக் கேளாதவர் கடனுக்காகக் கேட்பார்.

ஒபரேட்டர் என்று நம்மிடம் தனியாக ஒருவர் இல்லை. அன்றைக்கு யார் பக்கத்தில் நிற்கிறாரோ அவரே பட்டன் அழுத்துவார். தொழிற்பயிற்சி நிலையங்கள் மூன்று நாள் வகுப்பு ஒன்று வைத்து, கை சைகைகள், கட்டும் கோணம், காலைச் சோதனை இவற்றைக் கற்பித்து, படத்தோடு ஓர் அட்டை கொடுக்கலாம். அட்டை இல்லாதவர் பட்டனைத் தொடக்கூடாது என்பதை ஆலைக்காரர் நடைமுறைப்படுத்த வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும்.

ஆலைக்காரர் நாளைக்கே செய்யக்கூடியவை சில. ஒவ்வொரு ஹொயிஸ்ட்டுக்கும் ஓர் இலக்கம் எழுதுங்கள். அது எவ்வளவு தூக்கும் என்று தூரத்திலிருந்து தெரியும்படி தமிழில் பெயின்ற் அடியுங்கள். பட்டன் பெட்டியில் சீன எழுத்தோ தேய்ந்த அம்புக்குறியோ இருந்தால் மேலே, கீழே, இடம், வலம் என்று தமிழில் ஒட்டுங்கள். நூறு ரூபாய்க் கொப்பி ஒன்றைச் சுவரில் கட்டித் தொங்கவிட்டு, காலைச் சோதனையை ஒபரேட்டர் கையெழுத்தோடு எழுதட்டும். கயிறு மாற்றிய திகதியும் அதிலேயே இருக்கட்டும்.

தொழிலாளருக்கும் ஒரு சொல். பாரம் தொங்கும்போது அதற்குக் கீழே போகச் சொன்னால் போகாதீர்கள். கையால் பாரத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள்; ஒரு பாகம் நீளக் கயிற்றைக் கட்டித் தூர நின்று திருப்புங்கள். கோணலாக இழுக்கவும், தரையில் இழுத்துக்கொண்டு வரவும் ஹொயிஸ்ட்டைப் பயன்படுத்தாதீர்கள். பாரத்தில் ஏறிக்கொண்டு போகும் வீரத்தை விட்டுவிடுங்கள்.

கார்த்திகை முதல் கடல் கொந்தளிக்கும். படகுகள் குறைய, ஐஸ் தேவையும் குறையும். ஹொயிஸ்ட்டை நிறுத்திக் கயிற்றைக் கழற்றிப் பார்க்க அந்த மாரிக் காலமே தோதானது. அதற்கு முன் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒன்றில் இந்த விடயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். மாவட்டத்தில் எத்தனை தூக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு பிரதேச செயலகமும் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும்.